கதவு பூட்டியிருந்தது

நீதிமன்ற அமீனா ஒருவர் தன் வேலைக்காலத்தில் அதிகமுறை எழுதும் வாக்கியம் எது என்று யாராவது கேட்டால் யோசிக்கவே வேண்டியதில்லை. 'நேரில் சென்றேன். கதவு பூட்டியிருந்தது. ஆகவே வாரண்ட்டை நிறைவேற்ற இயலாமல் திருப்பி அனுப்புகிறேன்.' இந்த அமீனா அதை இருபத்தொன்பது வருடங்களாக எழுதிவந்தார். அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பிரிவில் புதிதாகச் சேருகிறவர்கள் அவருடைய பழைய அறிக்கைகளைப் பார்த்துத்தான் வாசகம் எழுதிக்கொள்வார்கள்.

நீதிபதி தீர்ப்பை வாசித்ததும் வழக்கு முடிந்துவிட்டதாகத்தான் வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்படி நினைப்பவர்களைப் பார்த்தால் அமீனாவுக்கு விளக்கிச் சொல்லாமல் இருக்க முடியாது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கிடைத்தால்கூடப் போதும். "தீர்ப்புங்கிறது காகிதம்ங்க. அதுக்குக் காலு கிடையாது. நாங்கதான் காலு" என்று தொடங்குவார். ஜெயித்தவர் மறுபடியும் ஒரு மனு போட வேண்டும். அதன்மேல் நீதிபதி வாரண்ட்டில் கையெழுத்திடுவார். வாரண்ட் பிரிவுக்கு வரும். தலைமை எழுத்தர், எல்லோருக்கும் 'ஹெட்', அதை அமீனாக்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். அமீனா சூரியன் உதித்த பின்பு, மறைவதற்கு முன்பு போக வேண்டும். கதவு திறந்திருந்தால் உள்ளே போய் ஆளை வெளியேற்றி ஜெயித்தவரிடம் ஒப்படைக்கலாம். பூட்டியிருந்தால் பூட்டைத் தொடக் கூடாது. பூட்டை உடைக்கத் தனி உத்தரவு வேண்டும். அதற்குத் தனி மனு. அந்த மனுவில் எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். ஆக, ஒரு பூட்டு என்பது குறைந்தது இரண்டு மாதம். கொஞ்சம் சாமர்த்தியசாலியாக இருந்தால் ஆறு மாதம்.

"அப்ப தோத்தவன் ஒரு பூட்டு வாங்கினாப் போதுமா?" என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்பார்.

"நல்ல பூட்டா வாங்கணும்" என்பார் அமீனா.

இவ்வளவையும் சொல்பவர் ஒன்றை மட்டும் சொல்லமாட்டார். வாரண்ட்டை எடுத்துக்கொண்டு போவதற்கு முதல்நாள், தோற்றவர் வீட்டுக்கு அவரே போன் செய்துவிடுவார்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு வீட்டைக் காலி செய்விக்க, சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றார். கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே ஒருத்தி, படுத்த படுக்கையாக இருந்த மாமியாருக்கு ஈரத்துணியால் உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். சட்டம் ஈரத்துணிக்காகக் காத்திருக்காது. கட்டிலோடு தூக்கி வந்து தெருவில் வைத்தார்கள். அந்த அம்மாள் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு, "கதவைச் சாத்துங்கப்பா, கதவைச் சாத்துங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நடுத்தெருவில் எந்தக் கதவைச் சாத்துவது? அமீனா அன்று முடிவு செய்தார். அதிலிருந்து எந்த வாரண்ட்டானாலும் முதல்நாள் ஒரு போன். "நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேன். வேண்டியதை எடுத்து வெச்சுக்கோங்க. கௌரவமாப் போயிடலாம்."

பத்துப் பேரில் இரண்டு பேர் சாமான்களைக் கட்டி வைப்பார்கள். எட்டுப் பேர் பூட்டு வாங்குவார்கள். அமீனாவுக்கு இந்தக் கணக்கும் தெரியும். ஆனால் மனசுக்குள் அந்த இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார். பிரிவில் மற்ற அமீனாக்களும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் காரணம் வேறு. போன் செய்துவிட்டால் சண்டை இல்லை, சாபம் இல்லை, சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிடலாம். அதற்குப் பெயரே 'அண்ணன் வழி' என்று ஆகிப்போனது. அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை.

அமீனாவின் தங்கை மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தேய்ப்பவள். கடைகளில் கிடைக்காத பவர்கள், ஒரு கண்ணுக்கு ஒரு மாதிரி மறுகண்ணுக்கு வேறு மாதிரி என்று வருகிற சிக்கலான சீட்டுகள் எல்லாம் அவளிடம்தான் வரும். வில்லை தேய்ப்பதற்கு இரும்புக் கிண்ணங்கள் வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கிண்ணம். கிண்ணத்தில் தேய்ப்புப் பொடியும் தண்ணீரும் விட்டு, வில்லையைச் சுழற்றிச் சுழற்றித் தேய்த்தால் கண்ணாடி கிண்ணத்தின் வளைவை வாங்கிக்கொள்ளும். கிண்ணம் ஒரு மயிரிழை தப்பினால் பார்வை தப்பும். அவளிடம் நூற்று நாற்பது கிண்ணங்கள் இருந்தன. பதினெட்டு வருடங்களில் ஒவ்வொன்றாகக் கடைந்து, சோதித்து, எண் பொறித்துச் சேர்த்தவை. தரையில் போல்ட் போட்டு இறுக்கிய இரண்டு இயந்திரங்களும் உண்டு.

அவள் பித்தப்பை அறுவைக்காக மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, அவள் பட்டறை இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் அவளுடைய பூட்டை அறுத்துத் தன் பூட்டைப் போட்டுவிட்டார். கீழ்த்தளம் முழுவதும் ஒரே கூடமாக அவருக்கு வேண்டியிருந்தது. அவளுடைய வடக்கு அறை மட்டும் இடைஞ்சல். வாடகைக்காரியை வழக்குப் போட்டு வெளியேற்ற ஏழு வருடம் ஆகும். வெளியே விட்டுப் பூட்டினால் அவள்தான் ஏழு வருடம் அலைய வேண்டும். கட்டடக்காரர் கணக்கில் கெட்டிக்காரர்.

அவர் கணக்குப்படியே ஏழு வருடம் ஆயிற்று. அதுவரை தங்கை யாரோ ஒருவருடைய பட்டறையில் கூலிக்கு வில்லை தேய்த்தாள். தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. மேல்முறையீட்டிலும் நின்றது. அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சிரித்தாள்.

"அண்ணா, இனி உன் கையிலதான். நீ வந்து திறந்து விடு. கிண்ணத்துக்கெல்லாம் எண்ணெய் போட்டுத் துணி சுத்தித்தான் வெச்சிருக்கேன். வெளியே லேசாத் துரு ஏறியிருக்கும். உள்வளைவுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."

"நான் வரக் கூடாதும்மா."

"ஏன், உனக்கு அந்தத் தெரு தெரியாதா?"

"நீ என் தங்கச்சி. சொந்தக்காரங்க வாரண்ட்டை நான் தொட்டா நாளைக்கு அவன் அதையே காரணமாக் காட்டித் தடை வாங்குவான். அது தப்பும்கூட."

அவள் முகம் சுருங்கினாலும் தலையாட்டினாள். அமீனா மறுநாள் ஹெட்டிடம் எழுதியே கொடுத்தார். 'மேற்படி மனுதாரர் என் உடன்பிறந்த தங்கை ஆவார். இந்த வாரண்ட்டை வேறு அமீனாவிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன்.' இரண்டே வரி. எழுத இரண்டு நிமிடம். ஹெட் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இந்தக் கட்டடத்துல இப்படி ஒரு கடுதாசி இப்பதான்யா முதல் தடவை பாக்குறேன். ஃபிரேம் போட்டு மாட்டணும்" என்றார்.

வாரண்ட் 'சிரிப்பு'க்குப் போனது. சிரிப்பு என்பது இன்னொரு அமீனாவின் பட்டப்பெயர். திட்டினாலும் சிரிப்பார், கல்லெறிந்தாலும் சிரிப்பார். நல்ல மனிதர்.

பதினைந்து நாளில் அறிக்கை வந்தது. கதவு பூட்டியிருந்தது.

அமீனா அந்த அறிக்கையை ஹெட்டின் மேஜையில் தலைகீழாகவே படித்தார். வாசகம் எழுத்துக்கு எழுத்து அவருடையது. சிரிப்பு போன் செய்திருப்பார். செய்யாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அவரைத் தனியே கூப்பிட்டு, 'இந்த ஒரு கேஸுக்கு மட்டும் போன் வேண்டாம்யா' என்று சொல்ல வேண்டும் என்று எழுந்தேவிட்டார். பிறகு உட்கார்ந்தார். எழுதிக் கொடுத்து விலகியாகிவிட்டது. விலகியவன் அந்த வாரண்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் விலகியது பொய்யாகிவிடும். பின்வாசல் வழியாக உள்ளே வருவதற்கா முன்வாசல் வழியாக வெளியே போனது? அவர் பேசவில்லை. தான் சரியாக நடந்துகொள்வதாகவே நினைத்தார்.

"அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று தங்கை கேட்டாள். "தெனம் காலைல அந்தப் பக்கம் போய்ப் பாக்குறேன். முன்பக்க ஷட்டர் தெறந்துதான் கெடக்கும். அவன் ஆளுங்க என் ரூமுக்குள்ள போறதும் வர்றதுமா இருப்பாங்க. அன்னிக்குன்னு பாத்துப் பூட்டியிருக்கு."

"எப்படியாவது தெரிஞ்சிருக்கும்" என்றார் அமீனா. எல்லாவற்றையும் விளக்குகிறவர் அன்று அதோடு நிறுத்திக்கொண்டார்.

பூட்டு உடைக்க மனு போட்டார்கள். கட்டடக்காரரின் வக்கீலுக்குக் காய்ச்சல், வாய்தா. சாவி தம்பியிடம் இருக்கிறது, தம்பி வெளிநாட்டில் இருக்கிறார், வாய்தா. இது எல்லா வழக்கிலும் உள்ளதுதான் என்று அமீனா தங்கையைச் சமாதானப்படுத்தினார்.

மூன்றாவது வாய்தா நாளன்று காலை ஏழரை மணிக்கு, அவசரமாக ஒரு கையெழுத்து வாங்க அமீனா நீதிபதியின் வீட்டுக்குப் போனார். கூடத்து நாற்காலியில் கட்டடக்காரர் உட்கார்ந்திருந்தார். அரைக்கால் சட்டை, வேர்வையில் முதுகோடு ஒட்டிய பனியன், காலடியில் இரண்டு ஷட்டில் மட்டைகள். ஒன்று அவருடையது. மற்றது நீதிபதியுடையது. நீதிபதியும் அதேபோல் நனைந்து, துண்டால் கழுத்தைத் துடைத்தபடி வந்தார்.

"என்ன அமீனா சார், சௌக்கியமா? தங்கச்சி எப்படி இருக்காங்க?" என்று கட்டடக்காரர் கேட்டார். ரொம்ப நாள் பழகிய குரல்.

நீதிபதி தலையைத் தூக்கினார். "இவர் தங்கச்சியை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நம்ம கட்டடத்துல முன்னே இருந்தாங்க. சின்ன சமாசாரம் ஒண்ணு உங்க கோர்ட்டுலதான் ஓடிட்டிருக்கு. அதை விடுங்க, காலங்காத்தால எதுக்கு."

நீதிபதி ஒரு கணம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். கோடு பிசகாத கையெழுத்து. "வேற ஏதாவது?" என்று அமீனாவிடம் மரியாதையாகத்தான் கேட்டார். எதுவும் இல்லை என்று அமீனா கும்பிட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அமீனா மனசுக்குள் யாருக்கோ விளக்கிக்கொண்டு வந்தார். இதில் நீதிபதி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பதினோரு மணிக்கு மனு கூப்பிடப்படும்போது, 'எதிர்மனுதாரரை எனக்குத் தெரியும், இதை வேறு நீதிபதி விசாரிக்கட்டும்' என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். வழக்குக் கட்டு பக்கத்து அறைக்குப் போய்விடும். பதினைந்து அடி தூரம். ஷட்டில் விளையாடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. விளையாடியதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஓர் அமீனாவுக்கு இரண்டு வரியில் முடிந்த காரியம்.

பதினோரு மணிக்கு மனு கூப்பிடப்பட்டது. சமரசம் பேச ஒரு மாதம் அவகாசம் கேட்டார் கட்டடக்காரரின் வக்கீல். கொடுக்கப்பட்டது.

சாயங்காலம் தங்கை போனில் அழவில்லை. கத்தினாள். "ஏழு வருஷமாப் பேசாத சமரசத்தை இப்ப என்னத்தைப் பேசப் போறான்? அவன் வக்கீல் கேட்டதும் எதுக்கு ஒரு மாசம்? சொல்லு, நீதான் எல்லாத்துக்கும் காரணம் சொல்லுவியே!"

காரணம் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது அமீனாவுக்கு மூச்சை அடக்குவது மாதிரி. சொல்லிவிட்டார். மட்டை, வேர்வை, 'தங்கச்சி எப்படி இருக்காங்க' எல்லாவற்றையும்.

அவள் கத்தலை நிறுத்தி மெதுவாகப் பேசினாள். "அண்ணா, இதை எழுதிக் குடு. வேற கோர்ட்டுக்கு மாத்தச் சொல்லி மனு போடலாம்னு வக்கீல் முன்னாடியே சொன்னாரு. நேர்ல பாத்த ஆள் ஒருத்தர் சத்தியம் பண்ணி எழுதித் தரணுமாம். தெரிஞ்சவன் ஒருத்தனும் எழுதித் தரமாட்டான்னு சிரிச்சாரு."

"எனக்கு இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்கும்மா."

"ஒரு பக்கம்தான்."

"அவரு தினமும் என் அறிக்கையில கையெழுத்துப் போடுற மனுஷன். நான் பாத்தது ரெண்டு மட்டை. மட்டைக்கு மேல எனக்கு என்ன தெரியும்? அதோட, நான் விலகினவன். இதுல தலையிட்டா..."

"நீ விலகினது வாரண்ட்டுலேர்ந்துன்னு நெனச்சேன்" என்றாள் தங்கை. "என்கிட்டேர்ந்துன்னு சொல்லவே இல்லையே."

போனை வைத்துவிட்டாள்.

பூட்டு உடைக்க மனு போட்ட எட்டாவது மாதம், யாரும் எதிர்பாராமல் விஷயம் வேகம் பிடித்தது. மேல்நீதிமன்றத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஜெயித்தவர்கள் கையில் தீர்ப்பை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் அலைவது நீதிமன்றங்களுக்கு அவமானம். ஆறு மாதத்துக்கு மேல் நிலுவையில் உள்ள நிறைவேற்று மனுக்களின் பட்டியலை மாத இறுதிக்குள் அனுப்ப வேண்டும். எத்தனை முடிந்தன என்ற எண்ணிக்கையும் வேண்டும். வாசகம் நன்றாகத்தான் இருந்தது. அமீனா அதை அறிவிப்புப் பலகையில் நின்று இரண்டுமுறை படித்தார். எழுதியவருக்கு வேலை தெரிந்திருக்கிறது என்று அவருக்குப் பட்டது. அதன் பிறகு பிரிவே ஓட ஆரம்பித்தது. தங்கையின் மனு ஒரே நிமிடத்தில் அனுமதிக்கப்பட்டது. பூட்டை உடைக்கலாம், போலீஸ் துணையும் உண்டு.

அந்த நாளன்று அமீனா விடுப்பு எடுத்துக்கொண்டு, அண்ணனாக மட்டும் போய்த் தெருவின் எதிர்ப்பக்கம் நின்றார். தங்கை புதுத் துணிப்பையில் எண்ணெய் டப்பாவும் பழைய வேட்டிக் கிழிசல்களும் கொண்டுவந்திருந்தாள். அண்ணனைப் பார்த்து ஐந்து மாதம் கழித்து முதல்முறையாகத் தலையசைத்தாள். சிரிப்பு வாரண்ட்டைச் சத்தமாக வாசித்தார். பூட்டுக்காரர் சம்மட்டியால் இரண்டு போடு போட்டார். வெளியே துரு ஏறிய பூட்டு, உள்ளே எண்ணெய் மினுமினுத்தது.

கதவு திறந்தது. அறை காலியாக இருந்தது.

ஒரு கிண்ணம்கூட இல்லை. அலமாரிப் பலகைகள்கூட இல்லை. தரை முழுக்கத் தூசி. அந்தத் தூசிக்கு நடுவில் இரண்டு சுத்தமான நீள்சதுரங்கள், இயந்திரங்கள் நின்ற இடம். அங்கிருந்து வாசல்வரை இழுத்த கோடுகள். தங்கை உள்ளே போய் உட்கார்ந்து தரையைத் தடவினாள். அமீனா தெருவைக் கடந்து வாசலுக்கு வந்தார். இயந்திரங்களை இறுக்கியிருந்த போல்ட்டுகள் தரையோடு தரையாக அறுக்கப்பட்டிருந்தன. அவள் கழுத்தில் எப்போதும் தொங்கும் பூதக்கண்ணாடிக் கைவில்லையை எடுத்து, அறுபட்ட முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"பளபளன்னு இருக்கு" என்றாள். "அறுத்த இரும்பு இந்த ஈரக்காத்துல ரெண்டு நாள் தாங்காது, சிவந்துடும். இது நேத்து அறுத்தது. முந்தாநாள்கூட இல்லை, நேத்து."

கட்டடக்காரரின் ஆள் ஒருவன் வாசலில் நின்று, "உள்ளே எப்பவுமே ஒண்ணும் இல்லைங்க" என்றான், யாரும் கேட்காமலே.

சிரிப்பு வாரண்ட்டைப் புரட்டினார். "இதுல அறைதான்மா இருக்கு. கிழக்கே நடை, மேற்கே சுவர், தெற்கே கூடம், வடக்கே தெரு. நாலெல்லை. உள்ளே இருக்கிற சாமான் எதுவும் எழுதலையே. அதுக்குத் தனி வழக்குப் போடணும். நான் அறையை ஒப்படைக்கிறேன்." அவருக்கே கஷ்டமாக இருந்தது. அவளுக்கு ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டும் என்று தேடினார். "நான் ஒரு குறையும் வெக்கலம்மா. அண்ணன் வழிப்படிதான் பண்ணினேன். போன தடவையும் சரி, நேத்துக் காலையும் சரி, நானே போன் பண்ணி, 'நாளைக்கு வர்றோம், கௌரவமா நடந்துக்கோங்க'ன்னு பக்குவமாத்தான் எடுத்துச் சொன்னேன். இப்படிப் பண்ணுவான்னு யாரு கண்டா?"

தங்கை திரும்பிப் பார்த்தாள். சிரிப்பை அல்ல.

"அண்ணன் வழின்னா?"

"அண்ணன் ஆரம்பிச்சு வெச்சதுதாம்மா. முதல்நாளே போன் பண்றது. பாவம், சனங்க திடீர்னு தெருவுக்கு வரக் கூடாதுன்னு. இப்ப பிரிவே அப்படித்தான் பண்ணுது. உங்களுக்குத் தெரியாதா?"

தெருவில் ஒரு லாரி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அமீனாவுக்கு அந்தக் கட்டிலையும் ஈரத்துணியையும் பற்றிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. இருபத்தெட்டு வருடமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட விளக்கம், முதல்முறையாகச் சொல்ல வேண்டிய இடத்தில் வெளியே வரவில்லை.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்று தங்கை சிரிப்பிடம் கேட்டாள். ஒப்புகைச் சீட்டில் போட்டாள். 'சொத்தைக் காலியாகப் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்திருந்தது. அந்த மாதப் பட்டியலில் அவள் மனு, முடிந்தவை என்ற கட்டத்தில் ஓர் எண்ணாகச் சேர்ந்தது.

அமீனா அன்று வீட்டுக்குப் போனதும் எழுத உட்கார்ந்தார். தேதி, நேரம், கூடம், நாற்காலி, மட்டை இரண்டு, சொன்ன வார்த்தைகள் சொன்னபடியே. தன் போன் பழக்கத்தையும் விடவில்லை, அது எப்படித் தொடங்கியது, பத்துக்கு எத்தனை பேர் பூட்டு வாங்கினார்கள் என்பது உட்பட. நான்கு பக்கம் வந்தது. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

மறுநாள் தாக்கல் கவுன்ட்டரில் நீட்டினார். கவுன்ட்டர்க்காரர் முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் குரலைத் தாழ்த்தினார். "எந்த நம்பர்ல சேக்கணும்?"

அமீனா எண்ணைச் சொன்னார்.

"அது முடிஞ்சுபோச்சேண்ணே. முடிஞ்ச கட்டுல ஒரு துண்டுக் காகிதம்கூடச் சேக்க முடியாது. உங்களுக்குத் தெரியாததா?" அவர் பக்கங்களை ஒழுங்காக அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். "வேணும்னா மேல்கோர்ட்டுக்குப் புகாராத் தபால்ல போடுங்க. ஆனா முதல் கேள்வியே, நடந்தப்ப எங்க போயிருந்தேன்னுதான் வரும். மூணு வருஷம்தானே இருக்கு? பேசாம இருங்கண்ணே. உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

தெரியாதது இல்லை. அந்தக் கவுன்ட்டரில் அமீனா உட்கார்ந்திருந்தாலும் இதையேதான், இதே குரலில்தான் சொல்லியிருப்பார். அவர் பக்கத்துத் தபால் நிலையத்துக்குப் போனார். ஒரு பிரதி எடுத்தார். மூலத்தை உறையிலிட்டு, மேல்நீதிமன்றப் பதிவாளர் என்று விலாசம் எழுதி, பதிவுத் தபாலில் போட்டார். ரசீதில் கசங்கல் விழாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பையில் அன்று நிறைவேற்ற வேண்டிய ஒரு வாரண்ட்டும், அடுத்த நாளுக்கான ஒரு வாரண்ட்டும் இருந்தன.

பிரதியோடு தங்கையின் அறைக்குப் போனார். அவள் முட்டிபோட்டு, அறுபட்ட போல்ட் முனைகளில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. காகிதங்களை நீட்டினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். நான்கு பக்கத்தையும் நிதானமாக, கைவில்லையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ தேய்த்த கண்ணாடியில் கீறல் தேடுவதுபோலப் படித்தாள். போன் பழக்கம் வருகிற மூன்றாம் பக்கத்தில் நிறைய நேரம் நின்றாள். கட்டிலையும் ஈரத்துணியையும் அங்கேதான் அவள் முதல்முறையாகத் தெரிந்துகொண்டாள்.

"நல்லா எழுதியிருக்கே" என்றாள். "அஞ்சு மாசம் முன்னாடி இது ஒரு பக்கம்தான் வந்திருக்கும்."

அமீனா சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்தார். உட்கார அந்த அறையில் வேறு எதுவும் இல்லை. அப்போது அவர் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். எண் தெரிந்ததுதான். நாளைய வாரண்ட்டில் தோற்ற தரப்பு. அண்ணன் வழி தோற்றவர்கள் நடுவே பரவிவிட்டதால், இப்போதெல்லாம் அவர் கூப்பிடாவிட்டால் அவர்களே கூப்பிட்டு நேரம் கேட்டுக்கொள்கிறார்கள். அந்த வீட்டில் ஒரு கட்டில் இருக்கலாம். ஒரு பூட்டு இருக்கலாம். போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அது நின்றது. மறுபடி அடித்தது.

தங்கை அடுத்த போல்ட்டுக்கு நகர்ந்தாள். தலை நிமிரவில்லை.

"எடு" என்றாள். "பாவம், கடை சாத்துறதுக்குள்ள அவங்க போய்ப் பூட்டு வாங்கணும்ல."